ஜி.எஸ். 4: நீதிபோதனைக்கு மதிப்பெண் இல்லை

யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வின் மெயின்ஸில் (முதன்மைத் தேர்வில்) 2013-இல் சேர்ந்த அறவியல் தாள்தான் ஜி.எஸ். 4, அதாவது ஜெனரல் ஸ்டடீஸ் நான்காம் தாள். 250 மதிப்பெண், 3 மணி நேரம். அண்மை ஆண்டுகளில், முதல் பகுதியில் 10 மதிப்பெண் விடைகள் 13, இரண்டாவதில் ஒரு சிக்கலான சூழலைக் கொடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்கும் 20 மதிப்பெண் கேஸ் ஸ்டடி 6. "நேர்மை, நியாயம்தானே, பார்த்துக்கலாம்" என்று கடைசி வாரத்துக்குத் தள்ளினால் விடைத்தாளில் வந்து விழுவது நீதிபோதனை வகுப்புதான்.

அறவியல் மெய்யியலின் கிளை. நல்லவனாக இரு என்று அது சொல்வதில்லை. எதை வைத்து இதை நல்லது என்கிறாய் என்று கேட்கும். 'நல்லது' என்ற சொல்லுக்கே என்ன பொருள் என்பது ஓர் அடுக்கு. செயலை எந்த அளவுகோலால் அளப்பது என்பது அடுத்தது. அதை லஞ்சம், கருணைக்கொலை போன்றவற்றில் வைத்துப் பார்ப்பது மூன்றாவது. தேர்வுக்குப் பின்னிரண்டும்தான் முக்கியம். முதல் அடுக்கிலிருந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூமை மட்டும் விடாதீர்கள்: 'இருக்கிறது' என்பதிலிருந்து 'இருக்க வேண்டும்' தானாக வந்துவிடாது. எல்லா ஆபீஸிலும் லஞ்சம் வாங்குகிறார்கள் என்பது தகவல், நியாயம் ஆகாது.

அளவுகோல்கள் மூன்று. பெந்தாமும் மில்லும் விளைவைப் பார்க்கிறார்கள், காண்ட் கடமையை, அரிஸ்டாட்டில் பண்பை. பெயர்களை மனப்பாடம் செய்வதை விட ஒரே சிக்கலில் மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். பொய்யை எடுத்துக்கொள்வோம். கொலைகாரன் கதவைத் தட்டி உங்கள் நண்பன் எங்கே என்று கேட்டாலும் பொய் கூடாது என்று 1797-இல் காண்ட் எழுதினார். 'பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்' என்கிறது குறள் 292. வள்ளுவர் பெந்தாமைப் போல விளைவை மட்டும் பார்க்கும் பயன்வாதி என்று இங்கேயே முத்திரை குத்துவதுதான் வழக்கமான சறுக்கல். 'புரைதீர்ந்த' என்ற சொல் குற்றமற்ற நன்மை என்று கடிவாளம் போடுகிறது. அடுத்த குறளே, நெஞ்சறிந்து பொய் சொன்னால் அந்த நெஞ்சே சுடும் என்று மனசாட்சிக்குப் போய்விடுகிறது. இந்த நுணுக்கத்தை இரண்டு வரியில் காட்டினால் 150 சொல் விடைக்கு உயிர் வரும்.

கேஸ் ஸ்டடியில் சறுக்குவது வேறு இடத்தில். நாளை திறப்பு விழா, பாலத்தில் விரிசல், மேலதிகாரி கையெழுத்துக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலர் பாதிக்கப்படுவோர் பட்டியலிலேயே 100 சொல்லைக் கரைத்துவிடுகிறார்கள்; 40 போதும். மோதுவது எவை என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்: மேலதிகாரிக்குக் கீழ்ப்படிவதா, மக்கள் உயிரா. பிறகு மூன்று வழிகள், ஒவ்வொன்றிலும் நிஜமான இழப்பு. கையெழுத்துப் போடுவது, ராஜினாமா செய்வது என்று யாரும் ஏற்காத இரண்டு பொம்மை வழிகளை நிறுத்தி மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தால் திருத்துபவர் கண்டுபிடித்துவிடுவார். முடிவில் இன்றே செய்யப்போவது இருக்கட்டும்: விரிசலின் புகைப்படத்தோடு எழுத்துப்பூர்வமான குறிப்பு, பாலத்தில் போக்குவரத்துத் தடை, சுயேச்சையான பொறியாளரின் ஆய்வுக்குக் கோரிக்கை. 'உரிய நடவடிக்கை எடுப்பேன்' என்பது விடையே இல்லை.

நேரக் கணக்கு: 13 விடைக்குத் தலா 7 நிமிடம், 6 கேஸுக்குத் தலா 13. மொத்தம் 169. மிஞ்சும் 11 நிமிடத்தைக் கேஸ்களைப் படிக்க வைத்துக்கொள்ளுங்கள், அவை நீளமானவை.