மாமனாரின் கப்பல் டைல்களும் வி.ஏ. விண்ணப்பமும்

மாமனாருக்கு வந்திருப்பது ஆஸ்பெஸ்டோசிஸ், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் இழைகளை மூச்சில் இழுப்பதால் வரும் நுரையீரல் நோய் என்று நுரையீரல் மருத்துவர் சொன்னபோது எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அமெரிக்கக் கடற்படையில் 1960களின் கடைசியில் சேர்ந்து, ஒரு டிஸ்ட்ராயர் போர்க்கப்பலில் யோமனாக, அதாவது எழுத்தராக இருந்தவர் அவர். ஆஸ்பெஸ்டாஸ் என்றாலே பாய்லர் அறையும் நீராவிக் குழாய்மேல் சுற்றிய உறையும்தான் நினைவுக்கு வரும். அவர் அந்தப் பக்கம் அதிகம் போனதே இல்லை.

பேச்சுக் கொடுத்தபோதுதான் டைல் விஷயம் வெளியே வந்தது. கப்பல் பழுதுபார்ப்புக்காகக் கப்பல் கட்டும் யார்டில் நின்ற மாதங்களில், அவரவர் அறையை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும். அலுவலக அறையிலும் படுக்கும் பகுதியிலும் தரையில் ஒட்டியிருந்த 9 அங்குலச் சதுர டைல்களை இவர்கள்தான் பெயர்த்தார்கள். ஸ்கிரேப்பரை அடியில் கொடுத்துத் தட்டினால் டைல் முழுசாக வராது, துண்டு துண்டாக உடையும். அடியில் இருந்த கறுப்புப் பசையைக் கம்பி பிரஷ் போட்டு உலர்வாகவே தேய்த்து எடுத்தார்கள். அந்தக் காலத்து டைலில் மட்டுமல்ல, பல பசைகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. தூசியைத் துடைப்பத்தால் கூட்டிவிட்டு அங்கேயே தூங்கியிருக்கிறார்கள். முகமூடி தரவும் இல்லை, போட வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை. அவருக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

சேதமில்லாமல் தரையில் கிடக்கும் டைலால் பெரிய ஆபத்து இல்லை. உடைத்து, சுரண்டி, தேய்க்கும்போதுதான் இழை காற்றில் கலக்கிறது. நுரையீரலில் தங்கிய இழை நோயாகத் தெரிய 10 முதல் 40 வருடங்கள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும்.

இதற்கு உதவித்தொகை கேட்க முடியுமா என்று நாங்கள் முதலில் விசாரித்த ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில், யோமன் என்றால் கஷ்டம், டைலை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாமனார் அத்தோடு விட்டுவிடலாம் என்றார். மாமியார் விடவில்லை. முன்னாள் படைவீரர் சங்கம் ஒன்றில், வி.ஏ. (முன்னாள் படைவீரர்களுக்கான அமெரிக்க அரசுத் துறை) அங்கீகாரம் பெற்ற பிரதிநிதி ஒருவரைப் பார்த்தோம். இவர்கள் இதற்குப் பணம் வாங்குவதில்லை. எங்களைப் போன்றவர்கள் முதலில் போக வேண்டிய இடம் இதுதான் என்பேன்.

அந்தப் பிரதிநிதி அன்றைக்கே, விண்ணப்பிக்கப் போகிறோம் என்ற அறிவிப்பை வி.ஏ.வுக்கு அனுப்ப வைத்தார். ஒரு வருடத்துக்குள் முழு விண்ணப்பம் போய்விட்டால், அந்த அறிவிப்புத் தேதியிலிருந்தே பணம் கணக்காகும். பணியில் நச்சுப் பொருள்கள் பட்ட படைவீரர்களுக்காக 2022-இல் வந்த பாக்ட் சட்டத்தால் எல்லாம் தானாகக் கிடைத்துவிடும் என்று உறவினர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பெஸ்டாஸுக்கு அப்படி இல்லை. பணியில் இருந்தபோது அதனோடு தொடர்பு இருந்தது, இப்போது நோய் இருக்கிறது, இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று மூன்றையும் நாம்தான் காட்ட வேண்டும்.

முதலாவதுதான் எங்களுக்குச் சிக்கல். கடற்படை வேலைகளை ஆஸ்பெஸ்டாஸ் வாய்ப்பை வைத்துப் பிரித்த பட்டியல் ஒன்று வி.ஏ. கையேட்டில் இருக்கிறது. பாய்லர் டெக்னீஷியனுக்கு மிக அதிக வாய்ப்பு, யோமனுக்கு மிகக் குறைவு. பணியிலிருந்து விடுபடும்போது தரும் டிடி-214 தாளில் யோமன் என்றுதான் இருக்கிறது, டைல் சுரண்டியது அதில் எப்படி இருக்கும்? பட்டியல் ஒரு தொடக்கம்தான், உண்மையில் என்ன வேலை செய்தார் என்பதை விவரமாக எழுதிக் கொடுங்கள் என்றார் பிரதிநிதி.

மாமனார் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். "ஆஸ்பெஸ்டாஸ் இருந்த இடத்தில் வேலை செய்தேன்" என்று ஒரே வரியில் முடிக்கப் பார்த்தார். நான் விடாமல் கேட்டேன். எந்த அறை, டைல் என்ன நிறம், என்ன கருவி, ஜன்னல் உண்டா, தூசி எங்கே போனது, எத்தனை பேர் இருந்தீர்கள்? அப்புறம்தான் அந்த வாக்குமூலத்துக்கு உயிர் வந்தது. கப்பல் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் வழியாக, கூடவே சுரண்டிய பழைய நண்பர் ஒருவரைக் கண்டுபிடித்தோம். அவர் 21-10210 படிவத்தில் சாட்சி எழுதிக் கொடுத்தார். கப்பல் அந்த மாதங்களில் யார்டில்தான் இருந்தது என்பதற்குத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் டெக் லாக் என்ற கப்பலின் தினசரிப் பதிவுகள் கைகொடுத்தன. கடற்படையை விட்ட பிறகு அவர் கணக்கு எழுதும் வேலையில்தான் இருந்தார் என்பதையும் சேர்த்தோம். பணிக்கு முன்னும் பின்னும் ஆஸ்பெஸ்டாஸ் பட்டதா என்று வி.ஏ. கேட்கும்.

மருத்துவரின் முதல் கடிதத்தில் "காரணமாக இருந்திருக்கலாம்" என்று இருந்தது. அது போதாது. சம்பந்தம் இருப்பதற்கான வாய்ப்பு, இல்லாததற்கான வாய்ப்புக்குச் சமமாகவாவது இருக்கிறது என்று காரணத்தோடு எழுத வேண்டும். சிடி ஸ்கேனில் தெரிந்த ப்ளூரல் தடிப்புகளை, அதாவது நுரையீரலைச் சுற்றிய சவ்வில் இருந்த தடிப்புகளைச் சுட்டிக்காட்டி அப்படியே மாற்றி எழுதிக் கொடுத்தார். மாமனார் முன்பு சிகரெட் பிடித்தவர். அதைக் கடிதத்தில் மறைக்கவில்லை. ஆஸ்பெஸ்டோசிஸ் சிகரெட்டால் வருவதில்லை என்பதை மருத்துவரே அதில் விளக்கினார்.

வி.ஏ. ஏற்பாடு செய்த பரிசோதனையில் குழாயில் ஊதச் சொன்னார்கள். மூன்றாவது ஊதலுக்குள் அவருக்கு இருமல் வந்து முகம் சிவந்துவிட்டது. பக்கத்தில் நிற்கவே கஷ்டமாக இருந்தது. ஆனால் அந்த அளவைத்தான் சதவீதமாக மாற்றுகிறார்கள். எஃப்விசி என்கிற மூச்சு அளவு, எதிர்பார்க்கும் அளவில் 65 முதல் 74 சதவீதம் என்றால் 30 சதவீத ஊனம். 50-க்குக் கீழே போனாலோ வெளியிலிருந்து ஆக்சிஜன் தேவைப்பட்டாலோ 100.

30 சதவீதம் கிடைத்தது, அறிவிப்புத் தேதியிலிருந்தே. மாதாமாதம் வரும் இந்தப் பணத்துக்கு வரி கிடையாது, 30 தொட்டதால் மனைவிக்கும் கொஞ்சம் சேர்கிறது. மூச்சு இன்னும் மோசமானால் கூட்டிக் கேட்கலாம். இந்த நோயே அவர் உயிரை எடுத்தால் மாமியாருக்குத் தனி உதவித்தொகை உண்டு. அதனால்தான் ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்க்கும்போதும் நோயின் பெயரைக் குறிப்பில் தெளிவாக எழுதச் சொல்கிறோம்.

சாட்சி சொன்ன நண்பருக்கும் சிடி எடுத்தார்கள், அவருக்கும் தடிப்பு இருக்கிறது. அவர் அறிவிப்பை அனுப்பிவிட்டார். அவருக்கான சாட்சிப் படிவத்தை மாமனார் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார். இந்த முறை நான் கேள்வி கேட்க வேண்டியிருக்கவில்லை, ஸ்கிரேப்பரின் அகலம் முதற்கொண்டு அவரே எழுதிவிட்டார்.