கசூரினாக் கடலில் மச்சாளின் ஞானஸ்நானம்

காரைநகர் போகிற வழியில் வட்டுக்கோட்டைத் தேவாலயத்தில் கொஞ்ச நேரம் நின்றோம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலம் கண்ட வளவு. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமாரும் பிறகு இங்கே ஊழியம் செய்தார்கள். இப்போது தென்னிந்திய திருச்சபை யாழ்ப்பாண ஆதீனத்தின் பேராலயம். கைக்குழந்தையாய் என் நெற்றியில் தண்ணீர் வார்த்து ஞானஸ்நானம் தந்தது இங்கேதான். எனக்காக விசுவாசத்தை அறிக்கை செய்தவர்கள் அம்மாவும் அப்பாவும். ஜெபித்துவிட்டுப் புறப்பட்டோம்.

பொன்னாலைப் பாலம் கடந்து கசூரினா கடற்கரைக்குப் போனால், சபையார் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். சவுக்கு மரத்தடியில் வெள்ளை உடுப்போடு மச்சாள். அவளுடையது பெந்தெகொஸ்தே சபை. விசுவாசித்து, வாயால் அறிக்கை செய்த பிறகே அங்கே முழுக்கு ஞானஸ்நானம்.

அந்தக் கடல் ஆழமில்லாதது. இடுப்பளவு தண்ணீருக்கு வெகுதூரம் நடக்க வேண்டும். முன்னே போதகர், பக்கத்தில் ஒரு மூப்பர், நடுவில் அவள். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போய்விட்டேன்.

கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்தாள். மடித்த லேஞ்சியால் போதகர் அவள் மூக்கைப் பொத்தினார்.

“இயேசுவைச் சொந்த இரட்சகராய் ஏற்றுக்கொண்டீரா பிள்ளை?”

“ஓம், பாஸ்டர்.”

பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொல்லி அவளைப் பின்பக்கமாய்ச் சாய்த்தார். முகத்தைத் தண்ணீர் மூடியது. தலைமயிர் மட்டும் மேலே பரந்து மிதந்தது. அடுத்த கணம் எழுந்துவிட்டாள். இருமினாள், அழுதாள், “ஸ்தோத்திரம்” என்றாள்.

‘ஞானஸ்நானத்தினாலே கிறிஸ்துவுடனேகூட அடக்கம்பண்ணப்பட்டோம்’ என்று வேதத்தில் ரோமர் 6ஆம் அதிகாரத்தில் எத்தனையோ தரம் வாசித்திருக்கிறேன். அங்கே நின்றபோதுதான் அது உறைத்தது. அழுக்குப் போகக் குளிக்கிறவர் தானே குளித்துக்கொள்ளலாம். அடக்கம்பண்ணப்படுகிறவரை வேறொருவர்தான் இறக்க வேண்டும், எழுப்புவதும் வேறொருவர்தான். மச்சாள் தன் பாரம் முழுவதையும் அந்தக் கையில் விட்டுத்தான் சாய்ந்தாள். யோர்தான் ஆற்றில் இயேசுவும் அப்படித்தானே யோவானின் கைக்குள் வந்தார்! ‘நான் உம்மாலே ஞானஸ்நானம் பெறவேண்டியதாயிருக்க, நீர் என்னிடத்தில் வரலாமா’ என்று யோவானே தடுத்துப் பார்த்தார். பாவமில்லாதவர், பாவிகளோடு பாவியாய்த் தண்ணீரில் இறங்கினார். நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

குழந்தை ஞானஸ்நானம் செல்லுமா என்பது எங்கள் குடும்பத்தில் பழைய வாதம். செல்லாது என்பார்கள் மாமி வீட்டில். ஒருமுறை பெற்றதை மறுபடி எடுக்கக் கூடாது என்பார்கள் எங்கள் வீட்டில். சரி, தண்ணீர் கூடினதா குறைந்ததா என்பதில் என் நம்பிக்கை தங்கியிருக்கவில்லை. அன்று வட்டுக்கோட்டையில் நானும் இன்னொருவர் கையில்தான் கிடந்தேன். மச்சாள் சொன்ன அந்த ‘ஓம்’ மட்டும் எனக்குப் பாக்கியாக இருந்தது. வளர்ந்த பிறகு, விசுவாசத்தைத் தானே அறிக்கை செய்கிற திடப்படுத்தல் ஆராதனையில் அதை என் வாயாலேயே சொன்னேன்.

கரையேறியதும் மாமி ஓடிவந்து துவாய் போர்த்தினார். அடுத்த ஞாயிறு மச்சாளுக்கு முதல் திருவிருந்து.

“அத்தான், வருவியள்தானே?”

“கட்டாயம் வருவன்” என்றேன்.