எழுந்திருப்பான் என்று காத்திருந்த பையன்

பதினாறு வருடமாகச் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான் பாடம் நடத்துகிறேன். இடைவேளையில் மைதானத்தைப் பார்த்துக்கொள்வதும் பெரும்பாலும் என் பொறுப்பு. முந்தின நாள் வீட்டில் பிள்ளைகள் என்ன பார்த்தார்கள் என்பது அந்தப் பதினைந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். புதுப் படம் வந்தால் அவர்கள் நடையே மாறும். சினிமாவின் "டிஷ்யூம்" போய் வீடியோ கேமின் "ஹெட்ஷாட்" வந்து சில வருடங்களாகிவிட்டன.

ஒருநாள் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஓடிவந்து, கூட விளையாடியவனை நெஞ்சிலேயே உதைத்துவிட்டான். விழுந்தவனுக்குப் பல் குத்தி உதடு கிழிந்தது. நான் பதறிப்போய் ஓடினேன். உதைத்தவன் ஓடவும் இல்லை, ஒளியவும் இல்லை. முஷ்டியை மடக்கியபடி நின்றுகொண்டு, "எந்திரிடா, இப்ப நீ அடிக்கணும்" என்றான். சட்டையில் ரத்தம் சொட்டியதைப் பார்த்ததும்தான் அவன் முகம் வெளுத்தது. அதற்கப்புறம் அடிபட்டவனைவிட அவன்தான் அதிகம் அழுதான்.

ஆசிரியர் பயிற்சியில் படித்த போபோ பொம்மை ஆய்வு அன்று ராத்திரி ஞாபகம் வந்தது. 1961-ல் உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 72 சிறு குழந்தைகளை வைத்துச் செய்தது. பெரியவர் ஒருவர் பொம்மையைக் குத்துவதையும் சுத்தியலால் அடிப்பதையும் பார்த்த பிள்ளைகளில் பலர், பிறகு அதே மாதிரி அடித்தார்கள். 1963-ல் அதையே படம்பிடித்துத் திரையில் காட்டியபோதும் பிள்ளைகள் பார்த்துச் செய்தார்கள். பரீட்சைக்காகப் படித்தபோது ஒரு விஷயம் எனக்கு உறைக்கவே இல்லை. அந்தப் பொம்மைக்கு அடிப்பாகம் கனம். எத்தனை அடி அடித்தாலும் தானாக நிமிர்ந்துவிடும். என் வகுப்புப் பையன் காத்துக்கொண்டு நின்றது அதற்குத்தான்.

மறுநாள் அவன் அம்மா வந்தார். உட்காரச் சொன்னதுமே, "இவன் கையில போனைக் கொடுக்காதீங்கம்மா" என்று ஆரம்பித்துவிட்டேன்.

"அவன் போனைத் தொடவே மாட்டான் டீச்சர். அவங்க அண்ணன் கேம் விளையாடும்போது பக்கத்துல உக்காந்து பார்ப்பான், அவ்வளவுதான். இப்பல்லாம் லைட்டை அணைச்சா தூங்கறதில்ல" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. இரண்டு வாரம் கழித்து ஓவிய வகுப்பில், துப்பாக்கியோடு ஒரு ஆளையும் சுற்றிலும் படுத்துக் கிடக்கிற நிறையப் பேரையும் அவன் வரைந்திருந்தான். "இதுல நீ யாருடா கண்ணா?" என்று கேட்டேன். துப்பாக்கிக்காரனைத் தொட்டுக் காட்டினான். "சுடறவன்தான் டீச்சர் சாக மாட்டான்."

முரட்டுப் பையன் என்று நான் முடிவுகட்டி வைத்திருந்த பிள்ளை பயத்தில் இருந்திருக்கிறான். வன்முறைக் காட்சிகளை நிறையப் பார்க்கிறவர்களுக்கு உலகம் நிஜத்தில் இருப்பதைவிட ஆபத்தானதாகத் தெரியும் என்று ஊடக ஆய்வாளர் ஜார்ஜ் கெர்ப்னர் தொலைக்காட்சியை வைத்து எப்போதோ சொல்லிவிட்டார். பெற்றோர் கூட்டங்களில் நாம் அதைப் பேசுவதே இல்லை. "கேம் விளையாடுகிற பிள்ளை கொலைகாரனாகிவிடும்" என்று மிரட்டத்தான் நமக்கு வருகிறது. அது சரியும் இல்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020-ல் வெளியிட்ட தீர்மானத்தில், வன்முறை கேம்களுக்கும் கத்துவது, தள்ளுவது போன்ற நடத்தைகளுக்கும் சிறிய அளவில் தொடர்பு உண்டு, பெரிய வன்முறைக்கு அவைதான் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். மைதானத்தில் நான் பார்ப்பதும் கத்தலும் தள்ளலும்தான். ஆனால் ஏழு வயதுப் பிள்ளையின் உதடு கிழிய ஒரு தள்ளல் போதும்.

இப்போதெல்லாம் சண்டைக் கதை சொல்ல வரும் பிள்ளையை நான் தடுப்பதில்லை. முழுதாகக் கேட்டுவிட்டு, "சரி, விழுந்தானே, அவனுக்கு அப்புறம் என்னாச்சு?" என்பேன். பெரும்பாலும் பதில் வராது. திரையில் அந்த ஆளை அதற்கப்புறம் காட்டுவதில்லையே. ஒருமுறை ஒரு சிறுமி வெகுநேரம் யோசித்துவிட்டு, "அவங்க அம்மாகிட்ட யாரு டீச்சர் சொல்லுவாங்க?" என்று கேட்டாள். வகுப்பே அமைதியாகிவிட்டது. எனக்கும் சட்டென்று பேச வரவில்லை.

அந்தப் பையன் வீட்டில், தம்பி தூங்கின பிறகுதான் கேம் என்று அண்ணனிடம் பேசி வைத்திருக்கிறார்கள். உதடு கிழிந்த பையனும் இவனும் இப்போது ஒரே பெஞ்சு. விளக்கை மட்டும் இன்னும் அணைக்க விடுவதில்லையாம்.