பாதை கரைக்கு வந்தும் ஆள் இறங்காத நாட்கள்

"மகள், கையைத் தூக்க ஏலாமக் கிடக்கு" என்றார் அப்பா. பைபாஸ் முடிந்து மூன்றாம் நாள் காலை, கொழும்பில் ஓர் ஐ.சி.யு. கட்டில். 71 வயது. ஆறு மாதத்துக்கு முன்புவரை மண்டூரில் தன் வயலுக்குத் தானே வரம்பு கட்டிய மனிசன். தண்ணீர்க் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகையில் பாதியிலேயே கை விழுந்துவிட்டது. நான் பிடித்துப் பருக்கினேன்.

தலைமாட்டுத் திரையில் ஒட்சிசன் 98. ஈமோகுளோபின் 10. எக்ஸ்ரேயில் குறை இல்லை, இருதயமும் நன்றாக அடிக்கிறது. ஆனால் மூச்சு மட்டும் மேலோட்டமாக, அவசர அவசரமாகப் போய்க்கொண்டிருந்தது. ஆபரேஷன் களைப்பு, வயசும் போயிட்டுது என்றார்கள். அப்பாவைத் தெரிந்த எனக்கு அது மனதுக்குப் பொருந்தவில்லை.

அன்றிரவு டியூட்டிக்கு வந்த இளம் டொக்டர் பைலைப் புரட்டிவிட்டு, "பொஸ்பேற் பார்த்ததா?" என்று கேட்டார். இரத்தத்திலுள்ள அந்த உப்பின் அளவை யாரும் பார்க்கவில்லை. உடனே இரத்தம் எடுத்து அனுப்பினார். 0.9 வந்தது. டெசிலீட்டருக்கு 2.5 முதல் 4.5 மில்லிகிராம் இருக்கவேண்டியது. 1க்குக் கீழே போனால் கடுமையான குறைவு.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். ஈமோகுளோபின் ஒட்சிசனை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்று காட்டுகிற ஒட்சிசன் பிரிகை வளையியைக் கரும்பலகையில் எத்தனையோ தரம் கீறியிருக்கிறேன். அது அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் என்று நினைத்ததில்லை.

எங்கள் ஊரில் பாதை என்றால் தெரு மட்டுமல்ல. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு மட்டக்களப்பு வாவியைக் கடக்கிற மிதவையும் பாதைதான். குருமண்வெளியில் ஆளும் சைக்கிளுமாக நிரம்பி ஏறலாம். மண்டூர்க் கரையில் கயிற்றை இழுத்துக் கட்ட ஆள் இல்லாவிட்டால், ஏறினவர்கள் ஏறினபடியே நிற்கவேண்டியதுதான். ஈமோகுளோபினும் இப்படித்தான். நுரையீரலில் ஒட்சிசனை ஏற்றிக்கொண்டு போய்த் தசையிலும் மூளையிலும் இறக்கவேண்டும். அந்தக் கரையில் கயிறு பிடிப்பது, செங்குழியத்துக்குள் இருக்கிற 2,3-டி.பி.ஜி. என்ற சின்ன மூலக்கூறு. ஈமோகுளோபினின் இரண்டு பீட்டாச் சங்கிலிகளுக்கு நடுவில் போய் இருந்துகொண்டு, ஒட்சிசன் மேலுள்ள பிடியைத் தளர்த்தும். 1967இல்தான் இந்த வேலை வெளிச்சத்துக்கு வந்தது.

இந்த டி.பி.ஜி.யைச் செய்யப் பொஸ்பேற் வேண்டும். செங்குழியத்துக்குச் சக்தி உண்டாக்குகிற இழைமணி இல்லை, குளுக்கோசை உடைத்துத்தான் அதற்குச் சீவியம். பொஸ்பேற் குறைந்தால் அந்த உடைப்பே மந்தமாகி, டி.பி.ஜி.யும், கலங்கள் சக்தியாகச் செலவழிக்கிற ஏ.ரி.பி.யும் சேர்ந்து இறங்கும். வளையி இடப்பக்கம் நகரும். ஏறின ஒட்சிசன் இறங்க மறுக்கும். விரலில் மாட்டுகிற கிளிப் ஏறினவர்களைத்தான் எண்ணுகிறது. எத்தனை பேர் இறங்கினார்கள் என்று அதற்குத் தெரியாது. 98ஐப் பார்த்து நாங்கள் ஆறுதல்பட்டுக்கொண்டிருந்தோம்.

எல்லாப் பழியையும் டி.பி.ஜி.யில் போடவும் மாட்டேன். கை விழுந்ததற்கும் மூச்சு மேலோட்டமானதற்கும் ஏ.ரி.பி. இல்லாமல் சோர்ந்துபோன தசைகளே, முக்கியமாக மூச்சை இழுக்கிற பிரிமென்தகடே, பெரிய காரணம் என்று நினைக்கிறேன். ஏற்றின இரத்தத்துக்கும் பங்கு இருக்கலாம். சேமித்து வைத்த இரத்தத்தில் இரண்டு கிழமைக்குள் டி.பி.ஜி. பெரும்பாலும் தீர்ந்துவிடும். உடம்புக்குள் போய்த் திரும்ப ஊற ஓரிரு நாள் பிடிக்கும், அதற்கும் பொஸ்பேற் தேவை.

சரி, பொஸ்பேற் எங்கே போனது? இன்சுலினும் குளுக்கோசும் அதைக் கலங்களுக்குள் இழுத்துக்கொள்ளும். நீர் இறக்கக் கொடுக்கிற மருந்தால் சிறுநீரோடும் போகும். இதெல்லாம் இருதய ஆபரேஷன் செய்த பலருக்கும் நடப்பது. அப்பாவுக்கு இன்னொன்றும் இருந்தது.

நெஞ்சு எரியுது, கஸ்ரிக் என்று மாதக்கணக்காக அவர் வெள்ளைப் பாணி மருந்து குடித்தார். அலுமினியம் சேர்ந்த அந்த மருந்து குடலிலேயே பொஸ்பேற்றைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடும். பசியும் இல்லை, கடைசி மாதம் முழுக்கக் கஞ்சிதான். வீட்டுக்கு வந்தபிறகு அரிசி வாளிக்குப் பின்னால் ஐந்து வெறும் போத்தல்களைக் கண்டேன். நெஞ்சுவலியை வாயு என்று நம்பி, களுவாஞ்சிக்குடியில் வாங்கிக் கொடுத்தது நான். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு குசினியிலேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டேன்.

பொட்டாசியம் பொஸ்பேற்றைச் சேலைனில் கலந்து மெதுவாக, ஆறு மணித்தியாலமாக ஏற்றினார்கள். அவசரப்பட்டால் கல்சியம் விழும், பொட்டாசியம் ஏறி இருதயத் துடிப்பே தடுமாறும். நேர்ஸ் ஒவ்வொரு மணிக்கும் வந்து திரையைப் பார்த்துக்கொண்டார். காலையில் 1.8. அடுத்த நாள் இன்னொரு தரம் ஏற்றினபின் 2.6. அன்று பின்னேரம் அப்பா கோப்பையைத் தானே எடுத்துக் குடித்தார், பாதியை வைத்துவிட்டு, "தேத்தண்ணி இல்லையா புள்ள?" என்று கேட்டார்.

இப்போது எருமைத் தயிரும் மீனும் முட்டையும் சாப்பிடுகிறார். கிளினிக் அடுத்த மாதம். பொஸ்பேற்றையும் பார்க்கச் சொல்லிக் கேட்க, கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.