அழித்த இடம் திரும்பக் கிடைத்தது: ரூக்-சிஃப் அப்கிரேட் அனுபவம்

எங்கள் குபர்நெட்டிஸ் கிளஸ்டரில் (நிரல்களைப் பல சர்வர்களில் பகிர்ந்து ஓட்டும் தொகுப்பு) தரவுத்தளங்கள் எல்லாம் சிஃப் சேமிப்பில் இருக்கின்றன; பல சர்வர்களின் வட்டுகளை ஒரே சேமிப்பாக இணைக்கும் மென்பொருள் அது. அந்தச் சிஃப்பைக் குபர்நெட்டிஸுக்குள் நிறுவிப் பராமரிக்கும் மென்பொருள் ரூக். நீண்ட நாளாகப் பழைய பதிப்பிலேயே ஓடிக்கொண்டிருந்ததைச் சமீபத்தில் புதிய பதிப்புக்குக் கொண்டுவந்தோம். புதிய வசதிகளின் பட்டியல் பெரியது. அதில் நான் ஆசையோடு எதிர்பார்த்தவை இரண்டுதான்: அழித்த தரவின் இடம் திரும்பக் கிடைப்பது, செயலிழந்த நோடில் (கிளஸ்டரின் ஒரு சர்வர்) சிக்கிய வால்யூமை (நிரலுக்கு ஒதுக்கிய மெய்நிகர் வட்டு) விடுவிப்பது.

அப்கிரேட் வேலை பொறுமையைக் கேட்டது, அவ்வளவுதான். ரூக்கில் ஒவ்வொரு மைனர் பதிப்பாகத்தான் ஏற வேண்டும், தாவ முடியாது. முதலில் ரூக் ஆபரேட்டர் (சிஃப்பைத் தானாக நிர்வகிக்கும் நிரல்), அப்புறம் சிஃப். ஒவ்வொரு படிக்கு முன்னும் கிளஸ்டர் 'ஹெல்த் ஓகே' என்று சொல்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். சிஃப்பின் கூறுகளை மானிட்டர், மேனேஜர், ஓஎஸ்டி (வட்டில் தரவைச் சேமிக்கும் நிரல்) என்ற வரிசையில் புதுப்பிப்பதை ஆபரேட்டரே பார்த்துக்கொள்கிறது. ஒரு ஓஎஸ்டியை நிறுத்தும் முன், நிறுத்தினால் தரவுக்குப் பாதிப்பில்லையே என்று சிஃப்பிடம் கேட்டுவிட்டுத்தான் நிறுத்துகிறது. வால்யூம்களை லினக்ஸ் கர்னலே மவுன்ட் செய்து (இணைத்து) வைத்திருப்பதால், அவற்றை இணைத்துத் தரும் சிஎஸ்ஐ பாட்கள் (பாட் என்பது குபர்நெட்டிஸில் நிரல் ஓடும் அலகு) மறுபடி தொடங்கியபோதும் தரவுத்தளங்கள் நிற்கவில்லை.

சரி, இடப் பிரச்சினைக்கு வருகிறேன். பழைய பதிவுகளை அழித்துவிட்டுப் பாட் உள்ளே பார்த்தால் வால்யூமில் பாதி காலி என்று காட்டும். சிஃப்பிடம் கேட்டால் எல்லாம் நிரம்பியே இருக்கிறது என்று சொல்லும். இரண்டும் உண்மைதான். கோப்பை அழிக்கும்போது கோப்பு முறைமை தன் பொருளடக்கத்திலிருந்து பெயரை அடித்துவிடுகிறது, பக்கங்களைக் கிழிப்பதில்லை. அந்தத் துண்டுகள் இனி வேண்டாம் என்று கீழே இருக்கும் சிஃப்புக்கு யாராவது சொன்னால்தான் அது விடுவிக்கும். எங்களிடம் ஒவ்வொரு தரவுக்கும் மூன்று நகல். ஆகவே 100 ஜிபி அழித்தால் வட்டுகளில் திரும்ப வேண்டியது 300 ஜிபி. ஓஎஸ்டி 85 சதவீதம் நிரம்பினால் சிஃப் எச்சரிக்கிறது, 95 சதவீதத்தில் எழுதுவதையே நிறுத்திவிடுகிறது. புது வட்டு வாங்குவது பற்றிப் பேசத் தொடங்கியிருந்தோம்.

சிஎஸ்ஐ ஆட்-ஆன்ஸ் என்ற துணைக் கூறில் 'ரீக்ளெய்ம் ஸ்பேஸ்' என்றொரு வேலை இருக்கிறது. மவுன்ட் ஆகியிருக்கும் வால்யூமில் எஃப்எஸ்ட்ரிம் என்ற கட்டளையை ஓட்டி, காலித் துண்டுகளைச் சிஃப்புக்குத் தெரிவிக்கிறது. வாரம் ஒருமுறை என்று பிவிசியில் (வால்யூமைக் கேட்கும் குபர்நெட்டிஸ் கோரிக்கை) ஒரு குறிப்பு எழுதிவிட்டால் போதும், கால அட்டவணை தானாக உருவாகிவிடும். முதல் ஓட்டம் முடிந்ததும் சிஃப்பின் பயன்பாட்டுக் கோடு சரிந்ததைப் பார்த்து உண்மையிலேயே மகிழ்ந்தேன். ஆனால் ஒரு வால்யூமில் மட்டும் இடம் அசையவே இல்லை. தேடிப் பார்த்தால் அதற்குப் பழைய ஸ்னாப்ஷாட்கள் (குறிப்பிட்ட நேரத்து நிலையைப் பிடித்து வைத்த பதிவுகள்) இருந்தன. ஸ்னாப்ஷாட் பிடித்து வைத்திருக்கும் துண்டை எந்த ட்ரிம்மும் விடுவிக்காது. தேவையற்ற ஸ்னாப்ஷாட்களை நீக்கிய பிறகுதான் இடம் வந்தது. இன்னொன்று: முதல் ஓட்டத்தில் வட்டுகளுக்கு நல்ல சுமை இருக்கும். எல்லா வால்யூம்களையும் ஒரே நேரத்தில் ஓட விடாமல் வெவ்வேறு இரவுகளுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது செயலிழந்த நோட். ஒரே நோடில் மட்டும் மவுன்ட் ஆகக்கூடிய வால்யூமோடு ஸ்டேட்ஃபுல்செட் பாட் (தனக்கென நிலையான பெயரும் வால்யூமும் உள்ள பாட்) ஓடுகிறது; அந்த நோடின் மின்சாரம் போய்விடுகிறது. ஐந்து நிமிடம் கழித்து அந்தப் பாட் நீங்க வேண்டும் என்ற உத்தரவு போகும். ஆனால் நீங்கிவிட்டது என்று உறுதி சொல்ல அங்கே யாரும் இல்லை. பழைய பாட் 'டெர்மினேட்டிங்' நிலையிலேயே நிற்கும், புதியது பிறக்காது. இப்படிப்பட்ட இரவுகளில் கைவைத்தியம் பார்த்தவர்களுக்கு அந்தப் பதற்றம் தெரியும்: கட்டாயமாக நீக்கினால், பழைய நோட் உயிரோடு இருந்து, பழைய பாட், புதிய பாட் இரண்டும் ஒரே வால்யூமில் எழுதிவிட்டால் தரவு சிதைந்துவிடுமே?

குபர்நெட்டிஸ் 1.28-ல் இதற்கான வழி நிலையானதாக அறிவிக்கப்பட்டது. நோடுக்கு 'அவுட் ஆஃப் சர்வீஸ்' என்ற டெயின்ட் (நோடின் மேல் ஒட்டும் தடைக் குறி) போட்டால், பாட்கள் உடனே நீக்கப்பட்டு வால்யூம்கள் விடுவிக்கப்படும். ரூக் இதோடு இன்னொன்றையும் சேர்த்திருக்கிறது. அந்த டெயின்டைப் பார்த்ததும் நெட்வொர்க் ஃபென்ஸ் ஒன்றை உருவாக்கி, அந்த நோடைச் சிஃப்பின் தடைப்பட்டியலில் போட்டுவிடுகிறது. நோட் திடீரென விழித்துக்கொண்டாலும் அதனால் எழுத முடியாது. சோதனைக் கிளஸ்டரில் ஒரு நோடை அணைத்து, டெயின்ட் போட்டுப் பார்த்தோம். தரவுத்தளம் வேறு நோடில் எழுந்து நின்றது. நோட் திரும்பிய பின் டெயின்டை எடுத்ததும் தடையும் நீங்கியது.

டெயின்ட் போடுவதை மட்டும் நாங்கள் தானியங்கி ஆக்கவில்லை. நோட் உண்மையிலேயே அணைந்திருக்கிறதா என்று உறுதி செய்த பிறகுதான் போட வேண்டும் என்று குபர்நெட்டிஸ் ஆவணமே கண்டிப்பாகச் சொல்கிறது. நெட்வொர்க் துண்டிப்பு வெளியிலிருந்து பார்த்தால் அப்படியேதான் தெரியும். அதனால் இரவுப் பணியில் இருப்பவர் சர்வரின் மேலாண்மைப் பலகையில் மின்நிலையைப் பார்த்து, இன்னொருவரிடமும் சொல்லிவிட்டு, அப்புறம்தான் அந்தக் கட்டளையை அடிக்கிறார்.