ஓலைக் கிலுகிலுப்பை

2004 ஆம் ஆண்டில் நான் நம் பள்ளியில் எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியொன்றில் சமையற்கூடத்து நெருப்பு கீற்றுக் கூரையில் பற்றி 94 பிள்ளைகள் மாண்டபோது, காலை வழிபாட்டில் தலைகுனிந்து நின்றதைத் தவிர எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நம் பள்ளியின் கீற்றுக் கொட்டகையும் அதன்பின் பிரிக்கப்பட்டது. அரையாண்டு விடுமுறையில், டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆழிப்பேரலை வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். திருவாரூரில் இருந்த நமக்கு நாகை பக்கத்து ஊர். உறவோ பழக்கமோ அங்கே இல்லாத வீடு நம் தெருக்களில் குறைவு.

ஜனவரியில் பள்ளி திறந்ததும் கைவேலை ஆசிரியை எங்களை மரத்தடியில் உட்கார வைத்து, "அரிசியும் துணியும் பெரியவங்க கொண்டுபோறாங்க. அங்க இருக்கிற பிள்ளைங்களுக்குக் கையில வெச்சு விளையாட ஒண்ணுமில்ல. அதை நாம செய்வோம்" என்றார். நாங்கள் வண்ணத் தாளில் பூவும் பறவையும் மடித்தோம். என் வரிசையில் இருந்தவர்கள் மளமளவென்று கத்திக்கப்பல்களாகவே செய்து குவித்தோம். ஆசிரியை அவற்றைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் போட்டுக்கொண்டு, "கப்பல் வேண்டாம்ப்பா" என்று மட்டும் சொன்னார். ஏன் என்று எவருக்கும் அவர் விளக்கவில்லை. எங்களுக்கே புரிந்தபோது வகுப்பு முழுவதும் அடங்கிப்போனது. பிறர் துயரத்தை அவர்கள் இடத்திலிருந்து பார்ப்பது என்பதை நான் கற்றுக்கொண்டது அந்த நொடியில்தான்.

தென்னங்குருத்தில் கிளி முடையலாம் என்றோம். நான்கு நாளில் வாடிவிடும் பொருளை அந்தப் பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது என்று அதையும் மறுத்துவிட்டார். கடைசியில் பனையோலைக் கிலுகிலுப்பை என்று முடிவாயிற்று. அதைச் செய்யத் தெரிந்தவன், பாட்டியுடன் ஓலைப்பெட்டி முடைந்து வளர்ந்த, எப்போதும் கடைசி வரிசையில் உட்காரும் நண்பன் ஒருவனே. ஈர்க்கை நீக்கி, ஓலையை ஒரே அகலத்தில் வகிர்ந்து, நீர் தெளித்துப் பதமாக்கி, பெட்டிபோல முடைந்துவரும்போது வயிற்றுக்குள் ஐந்தாறு புளியங்கொட்டைகளைப் போட்டு, மிஞ்சிய ஓலைகளைப் பிடியாகச் சேர்த்துக் கட்ட வேண்டும். ஓலையின் விளிம்பு விரலை அறுக்கும். ஆசிரியர்களே அவனிடம் கேட்டுக் கேட்டு முடைந்தார்கள்.

நாகையில், முகாமாக இருந்த கல்யாண மண்டபத்தில், நாங்கள் நீட்டியதை வாங்கப் பிள்ளைகள் முன்வரவில்லை. கொடுக்க வந்தவர்களை அவர்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள் போலும். ஆசிரியை எங்களைத் தரையில் உட்கார்ந்து முடையச் சொன்னார். வெகுநேரம் கழித்து, எங்கள் வயதுடைய ஒரு பெண் தூணருகிலிருந்து வந்து, நான் பிடியில் போட்ட கட்டைத் தொட்டுப் பார்த்து, "இந்த முடிச்சு அவுந்துரும், குடுங்க" என்றாள். நூலை ஒரு விரலில் சுற்றி இழுத்து, வலைக்குப் போடும் முடிச்சைப் போட்டாள். அது அசையவில்லை. அடுத்ததையும் அவளே வாங்கிக் கட்டினாள். அதைப் பார்த்து இரண்டு சிறுவர்கள் ஓலை கேட்டார்கள். பொழுது சாயும்போது எங்களிடம் ஓலை மிஞ்சவில்லை.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் செய்து வைத்திருந்த கிலுகிலுப்பைகளை ஆசிரியை வகுப்பிலேயே விட்டுவிட்டார். ஈரச் சாக்கில் சுற்றிய இரண்டு ஓலைக் கட்டுகளையும், ஒரு படி புளியங்கொட்டையையும், அந்தப் பெண்ணுக்காக ஒரு நூல்கண்டையும் எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினோம்.