கோழிக் குடலின் இழுப்பை அளத்தல்: மூன்றாவது ஞாயிறு

பார்மசி படித்தபோது திசுச் சோதனை என்றாலே எங்களுக்குப் புகைத் தாள்தான். ஷெரிங்டன் டிரம் என்ற சுழலும் உருளையில் தாளைச் சுற்றிக் கரி ஏற்றுவோம். நெம்புகோல் முனை அதில் கோடு கீறும். அழியாமல் இருக்க அதை வார்னிஷில் முக்கிக் காயவைப்போம். அந்தக் கோடு, திசு எவ்வளவு குறுகியது என்று சொல்லும். எவ்வளவு பலமாக இழுத்தது என்று சொல்லாது. அந்த இழுப்பை ஒரு தடவையாவது அளந்து பார்த்துவிட வேண்டும் என்று அப்போதிருந்தே ஆசை.

இப்போது மாடி அறையில் இருப்பது இவ்வளவுதான்: இழுப்பை மின்சமிக்ஞையாக மாற்றும் 100 கிராம் லோட் செல், அந்தச் சமிக்ஞையை எண்ணாக்கும் எச்எக்ஸ்711 போர்டு, அதைப் படிக்கும் ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகை, திசுவைத் தொங்கவிட 25 மில்லி பிடிக்கும் பழைய கண்ணாடித் தொட்டி (ஆர்கன் பாத்), மீன்தொட்டி ஏர் பம்ப். சுற்றிலும் 37 டிகிரி வெந்நீர். திசுவின், அதாவது கோழிக் குடல் துண்டின், ஒரு முனை அடியில் கொக்கியில் கட்டியிருக்கும். மறுமுனையிலிருந்து நூல் நேராக மேலே லோட் செல்லுக்குப் போகும்.

முதல் ஞாயிறு வீண். பதினொரு மணிக்குக் கோழிக் கடைக்குப் போனேன். குடல் அதற்குள் வெறும் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. எதைப் போட்டும் அது அசையவில்லை. அடுத்த முறை காலை ஆறரைக்கே, திசுவை உயிரோடு வைத்திருக்கும் உப்புக் கரைசலான டைரோடு கரைசலோடு பிளாஸ்கை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். “குடலுக்கா சார் பிளாஸ்க்?” என்று கேட்டார் கடைக்காரர். ஆனாலும் வெட்டியவுடனே எடுத்துக் கொடுத்தார்.

டைரோடு கலக்கும்போது கால்சியம் குளோரைடைத் தனியாகக் கரைத்துக் கடைசியில்தான் ஊற்ற வேண்டும். நான் அவசரத்தில் சோடியம் பைகார்பனேட்டோடு சேர்த்துக் கொட்டியதில் கரைசல் பால் மாதிரி கலங்கி ஒரு லிட்டர் வீணானது.

இரண்டாவது ஞாயிறு துண்டு உயிரோடு இருந்தது. ஆனால் நான் வைத்த 1 கிராம் அடிப்படை இழுவிசை 40 நிமிடத்தில் அரை கிராமுக்கு இறங்கிவிட்டது. திசு தளர்கிறது என்றே நினைத்தேன். அன்று இரவு சந்தேகம் வந்து, திசு இல்லாமல் 1 கிராம் பித்தளை எடைக்கல்லை மட்டும் தொங்கவிட்டுப் பார்த்தேன். அதுவும் 40 நிமிடத்தில் 0.7 என்று காட்டியது! வெந்நீரின் ஆவி லோட் செல்லின் அலுமினியத்தைச் சூடாக்கியிருக்கிறது. அன்றைய இறக்கத்தில் பாதிக்கு மேல் திசுவுடையதே இல்லை.

நடுவில் நூலுக்கு மட்டும் துளை விட்டு ஒரு தெர்மாகோல் தட்டை வைத்தேன். நூலையும் நீளமாக்கினேன். மின்சாரம் கொடுத்து அரை மணி நேரம் கழித்துத்தான் அளவைத் தொடங்கினேன். அப்புறம் எடைக்கல் 0.03 கிராமுக்கு மேல் நகரவில்லை. காற்றுக் குமிழிகள் நூலில் மோதி வரைபடத்தில் முள் முள்ளாகத் தெரிந்தது; குழாயைத் தொட்டியின் ஓரத்துக்கு நகர்த்தியவுடன் அதுவும் போய்விட்டது. எச்எக்ஸ்711-ஐ நொடிக்கு 80 முறை அளக்கும்படி மாற்றிப் பார்த்தேன், அளவில் இரைச்சல்தான் கூடியது. குடல் மெதுவாக இயங்கும் தசை, அதற்கு நொடிக்கு 10 முறை தாராளம்.

இன்று மூன்றாவது ஞாயிறு. 2 செ.மீ. துண்டு. உள்ளே இருப்பதைக் கரைசலால் மெல்லக் கழுவிவிட்டு, குழல் வாய் அடைபடாதபடி சுவரின் ஒரு பக்கத்தில் மட்டும் ஊசி கோத்துக் கட்டினேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கரைசல் மாற்றி, 45 நிமிடம் அதன் போக்கில் விட்டேன். பிறகு 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு அரை மில்லி விட்டேன். தொட்டியில் அது சுமார் 60 மில்லிமோலார். வெளியே பொட்டாசியம் ஏறியதும் செல் சவ்வின் மின்னழுத்தம் குறைந்து, கால்சியம் உள்ளே நுழைந்து தசை சுருங்கும். சில நொடிகளில் கோடு எழும்பி, அடிப்படைக்கு மேல் 1.8 கிராமில் நின்றது. 9.81 ஆல் பெருக்கினால் 17.7 மில்லிநியூட்டன். திரையை அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்று முறை கழுவியதும் கோடு கீழே வந்தது. மறுபடி விட்டபோது 1.7, அதற்கடுத்து 1.75.

மதியம் இரண்டு மணிக்கும் துண்டு தானாகச் சின்னச் சின்னதாக அசைந்துகொண்டிருந்தது. கழற்றி, ஈரம் ஒற்றி, எடை போட்டேன்: 0.41 கிராம். இழுப்பைத் துண்டின் பரப்போடு ஒப்பிட வேண்டுமே: எடையை நீளத்தாலும் அடர்த்தியாலும் வகுத்தால் குறுக்குப் பரப்பு சுமார் 19 சதுர மில்லிமீட்டர். இதில் தசையல்லாத உள்படலமும் சேர்ந்திருக்கிறது. அடுத்த ஞாயிறு அதை உரித்துவிட்டு அளக்கப் போகிறேன்.